குட்டைக் குழலும் பெல்ட்டை விடாத கையும்

மலையடிவார ரோந்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளையோரே! இதை எழுதுகிறவனுக்கு வயது முப்பத்தொன்று. களப்பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று நான் சொல்லிக்கொண்டால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரியுங்கள். என் வலக்காது எனக்கும் முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. அந்தப் பக்கம் நின்று சிரிப்பவர்களால் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

நான் மேடையில் வளர்ந்தவன். கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளும், கல்லூரிப் பேருந்தின் கடைசி இருக்கையிலிருந்து அரங்கத்தின் ஒலிவாங்கி வரை, பேசிக்கொண்டே இருந்தவன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்த அணியில் நிறுத்தினாலும் வென்று வருவேன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அது தகுதியில்லாமல் வந்த பெயரல்ல. உதவி ஆய்வாளராகத் தேர்வாகி ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தப் பிரிவில் பொறுப்பேற்றபோது அந்தப் பெயரும் என்னோடு வந்து சேர்ந்தது. ஆகவேதான், பிரிவுக்குப் புதிய துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது, சோதனைகளை நடத்தி மேலதிகாரிகள் முன் முடிவை எடுத்துரைக்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

கேள்வி பார்வைக்கு எளியது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும்; அடுத்த குண்டு தானாகவே ஏறி அமர்ந்துகொள்ளும். அத்தகைய துப்பாக்கி ஒன்று. ஜீப்பிலும், மாந்தோப்பு வேலியோரத்திலும், ஓடைப் புதரிலும், மொட்டைப் பாறையிலும் அந்த ஒன்றே உதவ வேண்டும். அப்படியானால் அதன் குழல் எவ்வளவு நீளம் இருக்கலாம்? பதினொன்றரை அங்குலம், பதினாறு அங்குலம், இருபது அங்குலம் என மூன்று நீளங்கள் சோதனைக்கு வந்திருந்தன. நீளக் குழல் குண்டுக்கு வேகம் தரும். தொலைவில் குறி பிசகாது. குட்டைக் குழல் இடுக்கில் திரும்பும், தோளை இழுக்காது. ஆனால் மருந்து முழுவதும் எரியுமுன்பே குண்டு வெளியேறிவிடுவதால் குழல்வாயில் தீயும் வெடியோசையும் மிகுதி. இவ்வளவும் உங்கள் பயிற்சி வகுப்பிலேயே சொல்லப்பட்டிருக்கும்.

வகுப்பில் சொல்லப்படாதது ஒன்று உண்டு. மலைக்குள் வரிசையாகச் செல்லும்போது, பின்னால் வருபவரின் குழல் எங்கே முடிகிறதோ அதற்கு வெகு அருகில் முன்னால் செல்பவரின் தலை இருக்கிறது. குழலின் நீளத்தைத் தீர்மானிக்கும்போது அந்தத் தலையின் கதியையும் சேர்த்தே தீர்மானிக்கிறீர்கள். நான் சொல்லப்போகும் நாளில் அந்தத் தலை என்னுடையதாக இருந்தது.

முதற்கட்டச் சோதனை சுடுதளத்தில் முறைப்படி நடந்தது. என்னோடு மூவர் இருந்தனர். பிரிவிலேயே குறி தவறாதவர் என்று பெயரெடுத்த காவலர் குருசாமி. எதிலும் குறை கண்டுபிடித்துவிடும் காவலர் மகேஸ்வரி. சேத்தூரிலிருந்து நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வந்துபோகும், வாய் ஓயாத ஏட்டு ஆசீர்வாதம்.

குட்டைக் குழல் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் ஆசீர்வாதம் அதை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏலே குரு, இது துப்பாக்கியா, தோசைக் கரண்டியா? எம்புட்டுதான் இருக்கு!”

“ஒங்க வயித்தோட சேத்துப் பாத்தா எந்த பேரலும் குட்டையாத்தாண்ணே தெரியும்” என்றார் மகேஸ்வரி.

“ஏட்டி, அப்ப அந்த இருவது இஞ்சை நீயே சொமந்துக்கோ. ஓடைக்குள்ள போனா ஒவ்வொரு உண்ணிச்செடியும் அதப் புடிச்சு இழுத்து, ‘செத்த நேரம் இருந்துட்டுப் போ’ங்கும்.”

“அதுகளாவது என்னைய இருக்கச் சொல்லுதுகளே. ஒங்க வீட்ல ஒங்களை அப்படிச் சொல்லுதாவளா?”

குருசாமி சிரித்துக்கொண்டே குட்டைத் துப்பாக்கியை வலக்கையில் மட்டும் பிடித்து, பின்கட்டையைத் தோளில் அழுத்தி, குறி வைத்துக் காட்டினார். குழல் ஆடவில்லை. “அய்யா, பாருங்க. ஒத்தக் கையிலயே நிக்கி” என்றார். எங்கள் அனைவருக்கும் அது பிடித்துப்போயிற்று. ஜீப்பின் பின்கதவு வழியாக அதனோடு குதிக்க முடிந்தது. கிணற்றுமேட்டு அறையின் கதவிடுக்கில் அதனோடு திரும்ப முடிந்தது. குட்டைக் குழலுக்கு ஆதரவாக நான் ஆற்றவேண்டிய உரை என் மனத்தில் ஏறத்தாழ உருவாகிவிட்டது. எஞ்சியிருந்தது மலையில் நடத்தவேண்டிய சோதனை மட்டுமே.

இந்த இடத்தில் எங்கள் பிரிவின் வழக்கம் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். எந்த ஆணையிலும் அது இல்லை. வந்தவர்கள் பார்த்துப் பழகிக்கொண்டது. முள்ளடர்ந்த உண்ணிச்செடிப் புதர் மூடிய ஓடைகளில் இரண்டடி தொலைவில் இருப்பவரைக்கூடப் பார்க்க முடியாது. குரல் கொடுக்கவும் கூடாது. ஆகவே ஒவ்வொருவரும் இடக்கையால் முன்னால் செல்பவரின் இடுப்பு பெல்ட்டைப் பற்றிக்கொண்டு நடப்போம். பெல்ட்டில் பிடி இருக்கும்வரை பின்னால் ஆள் இருக்கிறார், அவருடைய துப்பாக்கி கீழே பார்த்திருக்கிறது என்று பொருள். பிடி விடுபட்டால் துப்பாக்கி எழுகிறது என்று பொருள். பிடி விட்ட அக்கணமே முன்னால் இருப்பவர் மண்டியிட்டுவிட வேண்டும். குண்டு அவர் தலைக்கு மேலே போகும். பழைய, கனத்த துப்பாக்கிகளோடு பல்லாண்டுகள் இப்படியே நடந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

கோடை மழை பெய்து உண்ணிச்செடி தழைத்திருந்த ஒரு பிற்பகலில், பிளவக்கல் அணைக்கு மேலே உள்ள ஓடைக்குள் நாங்கள் நால்வரும் இறங்கினோம். தோட்டத்து மின்சாரத்தைக் கொக்கி போட்டு இழுத்து, காட்டின் விளிம்பில் கம்பி கட்டி விலங்கு பிடிக்கும் இருவர் நாட்டுத்துப்பாக்கியோடு அந்த வழியாக ஏறியிருப்பதாகத் தகவல். நான் முதலில் சென்றேன். என் பெல்ட்டைக் குருசாமி பற்றியிருந்தார், அவருடைய பெல்ட்டை மகேஸ்வரி, கடைசியில் ஆசீர்வாதம். சோதனைக்கு வந்த குட்டைத் துப்பாக்கி குருசாமியிடம் இருந்தது.

கம்பிக்காக நான் தரையையே பார்த்து நடந்தேன். மிதித்தவரைக் கருக்கிவிடும் கம்பி, சருகுக்கு அடியில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த ஒரே அச்சத்தோடுதான் ஓடைக்குள் நுழைந்தேன். இரண்டாவது அச்சம் மூக்கின் வழியாக வந்தது. புளித்த தழையும் ஈரச் சாணமும் கலந்த வாடை. வழியில் ஒரு கிளை முறிந்து கிடந்தது. முறிந்த இடத்தில் பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் குருவிகளின் ஓசை ஒன்றும் கேட்கவில்லை என்பதை உணர்ந்தேன்.

நான் நின்றேன். வரிசை நின்றது. எதிரே, ஒரு பேருந்தின் நீளத்துக்குள், செடிகளின் மேல் சாம்பல் நிறப் பாறை ஒன்று தெரிந்தது. அந்தப் பாறைக்குக் கண் இருந்தது.

யானை காதை ஆட்டவில்லை. தும்பிக்கையையும் அசைக்கவில்லை. காதை ஆட்டாத யானையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஓர் எட்டு வைத்தாலும் அது வந்துவிடும். ஆயிரம் பேர் நடுவில் தடுமாறாத என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என் முதுகெலும்பின் கீழே, பெல்ட்டில் இருந்த அந்தப் பிடி ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. குருசாமி பார்த்துவிட்டாரா? பார்த்திருந்தால் பிடியை விட்டிருப்பார். விடவில்லை. ஆகவே துப்பாக்கி எழவில்லை. ஆகவே நான் அசைய வேண்டியதில்லை. அச்சத்தின் நடுவிலும் என் தருக்கம் ஒழுங்காகவே இருந்தது.

அப்போது வலக்கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஒன்று வந்து நின்றது. காசு அளவுள்ள ஒரு முனை. என் காதுக்குச் சற்று முன்னே, கன்னத்தின் பக்கத்தில், அது நடுங்கிக்கொண்டிருந்தது. குட்டைக் குழலின் வாய்.

பிடி விடுபடாமலே துப்பாக்கி எழுந்துவிட்டது.

அடுத்துவந்த கணத்தை நான் இன்றுவரை பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வழக்கப்படி மண்டியிடலாமா? குருசாமியின் இடக்கை என் பெல்ட்டில் இறுகியிருக்கிறது. நான் இறங்கினால் அவர் தோள் இழுபடும். ஒற்றைக் கையில் நிற்கும் குழல் கீழே சாயும். சாய்கிற வழியில் என் மண்டை இருக்கிறது. பேசலாமா? யானை வரும். குழலைக் கையால் பற்றித் தள்ளலாமா? பற்றுவதற்கு என் முகத்தைத் தாண்டிக் குழலே இல்லை. மேலும், தொட்ட அதிர்ச்சியில் அவர் விரல் இழுத்துவிடும். எஞ்சியது ஒன்றே. கால்களை ஊன்றி, இடுப்பை அசைக்காமல், கழுத்தை மட்டும் இடப்பக்கம் சாய்த்தேன். கழுத்து எவ்வளவு போகுமோ அவ்வளவு. அது போதாது என்று தெரிந்தே சாய்த்தேன். காதைக் கொடுத்துத் தலையைக் காப்பது என்று அந்தக் கணத்தில் நான் எடுத்த முடிவு சரியானது என்று எந்த மேடையிலும் வாதிடுவேன்.

வெடியோசை எனக்குக் கேட்கவே இல்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று காதின் வழியாக உள்ளே புகுந்து மண்டையின் மறுபக்கச் சுவரில் மோதியது. மூன்று குண்டுகள் என்று பிறகு சொன்னார்கள். தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில், நடுங்கும் விரல் ஒருமுறையோடு நிற்பதில்லை. குண்டுகள் மரக்கிளைகளுக்கு மேலே போயின. யானை திரும்பி மேட்டில் ஏறியது; அது முறித்துச் சென்ற செடிகள் ஓசையின்றி முறிந்தன. நான் உட்கார்ந்திருந்தேன். மகேஸ்வரியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. என் சட்டைக் காலரில் ரத்தம். என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அது மண்டையோட்டுக்கு உள்ளே மட்டும், கிணற்றுக்குள் கிடப்பவன் பேசுவதுபோல் கேட்டது. யானைக்கு அஞ்சியதைவிட அதிகமாக அப்போது அஞ்சினேன். பேச்சையே பிழைப்பாகக் கொண்டவனுக்குத் தன் குரல் கேட்காமல் போவது என்னவென்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ராஜபாளையம் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இடக்காது மெல்ல மெல்லத் திரும்பியது. வலக்காதைப் பற்றி மருத்துவர் காகிதத்தில் ஒரு வரி எழுதிக் காட்டினார்: நரம்பு போய்விட்டது. மறுநாள் மாலை மில் சங்கு ஊதியபோது, ஊரின் பாதியிலிருந்து மட்டும் ஊதியதுபோல் இருந்தது.

மூவரும் வந்தார்கள். குருசாமி கட்டிலருகே நின்று அழுதார். ஆசீர்வாதம் முதன்முறையாக வாய் மூடி இருந்தார். அதுவும் என்னை அச்சுறுத்தியது.

“ஏட்டையா, என்னவாவது பேசுங்க. ஒங்க சத்தம் கேட்டாத்தான் காது இருக்கான்னு எனக்குத் தெரியும்” என்றேன்.

“கேட்டுத் தொலையணுமேன்னுதான் அய்யா சும்மா இருக்கேன். ஒரு காதாவது நிம்மதியா இருக்கட்டும்.”

மகேஸ்வரி அவரை முறைத்துவிட்டு, குருசாமியின் பக்கம் திரும்பினார். “அழுதது போதும். அய்யா கேக்கதுக்கு முன்ன நீங்களே சொல்லுங்க. பெல்ட்ட ஏன் விடல?”

குருசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “யானையைப் பாத்ததும் தூக்கிட்டேன் அய்யா. நீங்க குனிஞ்சிருவீகன்னு நெனச்சேன்.”

“நீங்க விடாம நான் எப்படிக் குனிவேன்?”

“விட்டுட்டேன்னுதான் அய்யா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.” தன் இடக்கையையே அவர் பார்த்தார். “பழைய துப்பாக்கின்னா ரெண்டு கையும் தன்னால போயிரும். ஒரு கையில தூக்கவே ஏலாது. இது... இது ஒத்தக் கையிலயே எந்திரிச்சிருச்சு. இந்தக் கைக்கு வேலையே வரல அய்யா. பயத்துல அது இருந்த எடத்துலயே இருந்துருச்சு.”

சுடுதளத்தில் நாங்கள் கைதட்டிப் பாராட்டிய அதே குணம்தான் ஓடைக்குள் என் தலையருகே வந்து நின்றிருக்கிறது. எங்கள் வழக்கத்தைக் காத்துவந்தது பழைய துப்பாக்கியின் கனம். கனம் கையைக் கேட்டது. கை பெல்ட்டை விட்டது. விட்டதால் முன்னால் இருந்தவர் தலை தப்பியது. கனத்தை எடுத்தவுடன் எங்களிடம் இருந்த ஒரே சமிக்ஞையையும் எடுத்துவிட்டோம். இதைப் பிரிவில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணத் தேவையில்லாமல் நடந்துவந்த ஒன்றை யார் எண்ணுவார்?

மருத்துவமனையிலிருந்து வந்ததும் சோதனையை மீண்டும் நடத்தினேன். இம்முறை சுடுதளத்துக்குப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அலுவலக முற்றத்தில், ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும் பக்கமாக, இரண்டு ஜீப்புகளை நெருக்கி நிறுத்தி நடுவில் ஓடைபோல் ஒரு சந்து அமைத்தோம். குண்டில்லாத துப்பாக்கிகளோடு வரிசையாக நடந்தோம். எச்சரிக்காமல் ஆசீர்வாதம் கத்துவார்; அவருடைய முறை வந்தால் மகேஸ்வரி கத்துவார். பின்னால் இருப்பவர் துப்பாக்கியை உயர்த்த வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் முன்னால் நின்றேன். துப்பாக்கியில் ஒன்றுமில்லை என்று நானே பார்த்திருந்தும், கத்தல் எழும்போதெல்லாம் என் கழுத்து தானாக இடப்பக்கம் சாய்ந்தது. அதை எவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

குட்டைக் குழல்: மூவருமே, விடவேண்டும் என்று அறிந்திருந்தும், திடீரெனக் கத்தியபோது பெல்ட்டை விடவில்லை. நீளக் குழல்: கை விட்டது, ஆனால் கீழிருந்து எழும்போது குழல் முனை என் முதுகிலும் ஜீப்பின் ஓரத்திலும் மோதிச் சிக்கியது. “யானை வந்து பாத்துட்டு, ‘நீங்க மொதல்ல இதச் சரி பண்ணுங்க, நான் பொறவு வாரேன்’னு போயிரும்” என்றார் ஆசீர்வாதம். பதினாறு அங்குலம்: ஒற்றைக் கையில் எடுத்தால் முனை தாழ்ந்தது; தாழ்ந்ததும் இடக்கை தானே ஓடிவந்து தாங்கியது. என் இடுப்பில் பிடி விட்டது. நான் மண்டியிட்டேன். என் தலைக்கு மேலே குழல் தடையின்றிப் போனது.

மேலதிகாரிகளின் கூட்டத்தில் நான் பேசியதைவிட, அங்கே என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் உங்களிடமும் அது கேட்கப்படும். தலைமை வகித்த அதிகாரி கேட்டார்: “கையை விடச் சொல்லிப் பயிற்சி கொடுத்தால் முடிந்துவிடுமே. இவ்வளவு இலகுவான துப்பாக்கியை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?”

நல்ல கேள்வி. எதிரணியில் நான் இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன். என் விடை இது: “ஐயா, அச்சத்தில் கை, கற்றதைச் செய்வதில்லை, அதற்கு எது எளிதோ அதைச் செய்கிறது. தப்பு செய்வது எளிதாக இருக்கும் துப்பாக்கியை எங்கள் கையில் கொடுக்காதீர்கள்.” என் வாழ்வில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அது, மிகச் சிறந்ததும் அதுவே. பதினாறு அங்குலத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இன்று உங்கள் தோளில் தொங்குவது அதுதான். தொலைவில் நீளக் குழலுக்கு ஈடாகாது; இடுக்கில் குட்டைக் குழலுக்கு ஈடாகாது. கனக்கிறது என்று முணுமுணுப்பீர்கள். முணுமுணுங்கள்.

புதிய துப்பாக்கிகள் வந்து இறங்கியபின் நடந்த முதல் ரோந்தில் நானே முன்னால் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். தேர்ந்தெடுத்தவன் முன்னால் நிற்பதுதான் முறை. ஒற்றைக் காதோடு ஓடைக்குள் இறங்கியபோதுதான், ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது இனி எனக்குத் தெரியாது என்பதை அறிந்தேன். சருகு அசைந்தால் எல்லாத் திசையிலும் அசைந்தது. என் நெஞ்சுத் துடிப்பே யாரோ நடந்துவரும் காலடிபோல் கேட்டது. இடுப்பில் குருசாமியின் பிடி இருந்தது. அந்தப் பிடியை மட்டும் நம்பி ஓர் எட்டு, பிறகு ஓர் எட்டு.

பிடி விட்டது.

நான் மண்டியிட்டேன். எனக்குப் பின்னால் காலடி ஓசைகள் நின்றன. தலையைக் குனிந்து, கண்ணை மூடி, தலைக்கு மேலே போகப்போகும் குண்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மீண்டும் காத்திருந்தேன்.

“அய்யா...” குருசாமியின் குரல் மிகத் தாழ்ந்து வந்தது. “வேர்வை கண்ணுல எறங்கிருச்சு. தொடைச்சேன். மன்னிச்சுக்கோங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசீர்வாதம்கூட.

“எந்திரிங்க அய்யா. ஒண்ணுமில்ல” என்றார் மகேஸ்வரி.

“தெரியும்” என்றேன். உண்மையில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கை விட்டது, நான் இறங்கினேன், தலை பிழைத்தது. நான் தேர்ந்தெடுத்த நீளம் சரி என்று அந்த ஓடையே சான்று சொல்லிவிட்டது. எழுந்து நிற்பதற்கான காரணங்கள் அனைத்தையும் வரிசையாக எனக்கு நானே எடுத்துச் சொன்னேன். ஒன்றுக்கும் மறுப்பில்லை. முழங்கால்கள் மட்டும் கேட்கவில்லை.

குருசாமி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். பிடித்துக்கொள்ள என்னிடம் கை இல்லை. இரண்டும் ஓடை மணலை இறுகப் பற்றியிருந்தன.